தென்னை உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி போனில் கூப்பிட்டபோதே சொல்லிவிட்டார்: "அண்ணே, இருபது நிமிஷம் உங்க சப்ஜெக்ட்ல ஏதாச்சும் பேசுங்க. ஆனா கிளாஸ் எடுத்துடாதீங்க." தாவரவியல் படித்தவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு இப்படி நிபந்தனையும் போட்டால் எப்படி? முடிந்தவரை பார்க்கிறேன். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். இந்த ஹாலில் நமக்கு அது புதிதில்லை.

மரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது, தண்ணீர் இல்லாதபோது என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் உண்டு. நம்மில் பாதிப் பேராவது தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளைகள். வேலை எந்த ஊரில் இருந்தாலும் சொந்த ஊரில் பத்துத் தென்னையாவது நிற்கும். அவர்கள் 2016-ஐ மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

நம் செட் நண்பர் ஒருவருக்கு உடுமலைப் பக்கம் தோப்பு. 2018 ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மழையும் பேஞ்சிருச்சு, கெணத்துலயும் தண்ணி வந்திருச்சு. ஒரு வருஷமாக் கொறையில்லாமப் பாய்ச்சறேன். மரமும் பச்சையாத்தான் நிக்குது. காய் மட்டும் ஏன்டா இல்லை? நீ படிச்ச படிப்புக்கு இதுக்கு ஒரு பதில் சொல்லு பாக்கலாம்" என்றார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் தண்ணீர் மேலே எப்படிப் போகிறது என்று பார்த்தாக வேண்டும்.

கிணற்றில் மோட்டார் வைத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, கரைமேல் இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கிக்கொண்டே போனோம் அல்லவா? மேலே இருந்து உறிஞ்சுகிற பம்பு எத்தனை குதிரைச்சக்தி உள்ளதாக இருந்தாலும் சுமார் 34 அடிக்குமேல் தண்ணீரை இழுக்க முடியாது. நடைமுறையில் 25 அடியே பெரிது. காற்றுமண்டலத்தின் அழுத்தம் தாங்கி நிறுத்துகிற உயரம் அவ்வளவுதான். ஆனால் தென்னை எழுபது அடி. கலிபோர்னியாவில் செம்மரம் என்று பெயர் பெற்ற ஊசியிலை மரங்களில் மிக உயரமானது 115 மீட்டருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 380 அடி. மோட்டாரும் இல்லை, நம்மைப்போல் இதயமும் இல்லை. பிறகு எப்படி?

கீழே இருந்து வேர் தள்ளுகிறது என்பார்கள். ஓரளவு உண்மை. விடியற்காலையில் நாற்றங்காலுக்குப் போனால் நாற்றின் நுனியில் முத்துமுத்தாக நீர் நிற்கும். அதில் பெரும்பகுதி பனி இல்லை. இரவில் வேர் அழுத்தத்தால் உள்ளே இருந்து வெளியே தள்ளப்பட்ட தண்ணீர். ஆனால் இந்த அழுத்தம் பொதுவாக ஒன்றிரண்டு வளிமண்டல அளவைத் தாண்டுவதில்லை. அதைவிட முக்கியம், மரத்துக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற உச்சி வெயில் நேரத்தில் வேர் அழுத்தம் அநேகமாக இருப்பதே இல்லை. சம்பள நாளில் காணாமல் போகிற நண்பன் மாதிரி.

அப்படியானால் தண்டில் உள்ள உயிருள்ள செல்கள் ஒவ்வொன்றும் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுகின்றனவா? 1890-களின் தொடக்கத்தில் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியர் இருபது மீட்டருக்கு மேல் உயரமான ஓக் மரம் ஒன்றை அடியில் வெட்டி, பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். விஷம் மேலே ஏறியது. வழியில் இருந்த செல்களைக் கொன்றுகொண்டே ஏறியது. பிறகு சாயத் தண்ணீரில் வைத்தார். அதுவும் செத்த செல்களைக் கடந்து ஏறியது. அதாவது ஏற்றுகிற வேலையைச் செய்வது தண்டின் உயிர் அல்ல. நம் நாட்டு மேதை ஜகதீஷ் சந்திர போஸ் 1923-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். செல்களின் துடிப்புதான் நீரை ஏற்றுகிறது என்பது அவர் கட்சி. செடிக்குள் மின்னூசி செருகி நுணுக்கமாக அளந்த மனிதர். ஆனால் இந்த விஷயத்தில் உலகம் அவர் பக்கம் வரவில்லை. அவருடைய மற்ற வேலைகளின் பெருமை அதனால் குறைந்துவிடாது.

சரியான விடையை 1894-இல் அயர்லாந்தின் டப்ளினில் டிக்சன் என்ற தாவரவியலாரும் ஜோலி என்ற இயற்பியலாரும் சொன்னார்கள். தண்ணீரை யாரும் தள்ளவில்லை, மேலே இருந்து இழுக்கப்படுகிறது. பம்பு இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையவை. மெல்லிய குழாய்க்குள், காற்றுக் குமிழ் எதுவும் இல்லாமல், வேர் முதல் இலை வரை இடைவெளியே இல்லாமல் நிற்கிற தண்ணீர், ஒரு கயிறு மாதிரி நடந்துகொள்ளும். இலையின் உள்ளே செல் சுவர்களில் இருக்கிற மிக நுண்ணிய துவாரங்களிலிருந்து வெயில் ஒரு துளியை ஆவியாக்கினால், அடியில் இருக்கிற வேர் வரை அந்தக் கயிறு இழுபடும். இதற்கு மரம் தன் சக்தியில் ஒரு காசு செலவழிப்பதில்லை. கூலி கொடுப்பது சூரியன்.

எழுபது வருஷம் இதைப் பலர் நம்பவில்லை. தண்ணீரைக் கயிறாக இழுக்க முடியுமா என்று சிரித்தார்கள். 1965-இல் ஷொலாண்டரும் அவர் குழுவினரும் ஒரு சாதாரண இரும்புக் கலத்தை வைத்து அந்த இழுவிசையை அளந்து காட்டினார்கள். வெட்டிய கொம்பைக் கலத்துக்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரிய மூடி, காற்றழுத்தம் கொடுப்பார்கள். எந்த அழுத்தத்தில் வெட்டுவாயில் நீர் எட்டிப் பார்க்கிறதோ, அதுதான் மரத்துக்குள் இருந்த இழுவிசை. உயர மரங்களின் உச்சிக் கொம்பு வேண்டுமே, யார் ஏறுவது? துப்பாக்கிக்காரரை வைத்துச் சுட்டு வீழ்த்தினார்கள்! நம்ம ஊராக இருந்தால் மரம் ஏறுகிறவர் ஒருவரே போதும்.

அலையாத்தி மரங்களையும் அவர்கள் அளந்தார்கள். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், உப்புத் தண்ணீரிலேயே கால் வைத்து நிற்கும். கடல் நீரிலிருந்து உப்பை வெளியே நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டுமானால், சுமார் 25 வளிமண்டல அளவுக்குமேல் இழுக்க வேண்டும். அந்த மரங்களில் இழுவிசை அதற்கும் அதிகமாகவே இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தோடு வாழ்கிற மரம் அது.

இனிமேல்தான் வறட்சிக்கு வருகிறேன். கயிறு என்றால் அது அறுந்து போகவும் வாய்ப்பு உண்டு. மண் காய்ந்து, வேர் விடாமல் பிடித்துக்கொள்ள, மேலே வெயிலும் காற்றும் விடாமல் இழுக்க, ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்துவிடும். கயிறு பட்டென்று அறும். பட்டென்று என்பதை உவமைக்காகச் சொல்லவில்லை. 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் வாடுகிற இலை ஒன்றில் நுட்பமான ஒலிக்கருவியைப் பொருத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். எந்தச் செடி தெரியுமா? நம்ம வேலியோரத்து ஆமணக்கு. 2023-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் தக்காளிச் செடியும் புகையிலைச் செடியும் தண்ணீர் இல்லாமல் வாடும்போது எழுப்புகிற சத்தத்தைக் காற்றிலேயே, தொடாமல், பதிவு செய்தார்கள். மணிக்கு முப்பது முதல் ஐம்பது 'டக்' சத்தம். நம் காதுக்கு எட்டாத அதிர்வு. கேட்டிருந்தால் 2017 கோடையில் நம் தோப்புகளில் யாரும் தூங்கியிருக்க முடியாது.

ஒரு குழாய் போனால் பக்கத்துக் குழாய் தாங்கும். நூறு போனால் மீதிக் குழாய்களின் மேல் இழுவை கூடும், அவையும் அறும். இதில் கவலைக்குரிய செய்தி ஒன்று 2012-இல் வந்தது. உலகெங்கும் 81 இடங்களில் 226 வகை மரங்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் சுமார் 70 சதவீதம், கயிறு அறுகிற எல்லைக்கு மிக அருகிலேயே அன்றாடம் வாழ்கின்றன. வறண்ட பூமி மரம்தான் அப்படி என்று நினைக்காதீர்கள், மழைக்காட்டு மரமும் அப்படித்தான். தன் ஊர் மழைக்கு ஏற்ற மாதிரி கையிருப்பே இல்லாமல் குடித்தனம் நடத்துகிறது. சம்பளம் எவ்வளவு கூடினாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காத நம் கதைதான்!

"அப்படின்னா மரம் இலைத்துளையை மூடிக்கொண்டால் தீர்ந்ததே?" என்று கேட்கலாம். மூடும். வேர் காய்ந்தாலே அப்சிசிக் அமிலம் என்கிற பொருள் உண்டாகி, துளையைக் காவல் காக்கிற செல்களை மூடச் சொல்லிவிடும். ஆனால் தண்ணீர் வெளியே போகிற அதே வாசல் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வர வேண்டும். அதுதான் சாப்பாடு. வாசலைத் திறந்தால் தாகம், மூடினால் பட்டினி. கணக்கைக் கேளுங்கள்: நெல், தென்னை போன்றவை ஒரு கரியமில வாயு மூலக்கூறை உள்ளே எடுக்க நானூறு நீர் மூலக்கூறையாவது வெளியே விடுகின்றன. உறிஞ்சுகிற தண்ணீரில் 97 சதவீதத்துக்குமேல் ஆவியாகத்தான் போகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு தினமும் தராசில் நிறுத்துப் பார்த்து, அளவுக்கு அளவு ஒப்பிட்டால் அது மனிதனைப்போல் 17 மடங்கு நீரை வெளியேற்றுகிறது என்று 1727-இல் எழுதிவைத்தார். வேறு ஒரு கருவியும் இல்லை, வெறும் தராசு.

இந்த இக்கட்டை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. பனிவரகு எழுபது எழுபத்தைந்து நாளில் முளைத்துக் காய்த்து முடித்து, வறட்சி வருவதற்குள் ஊரைவிட்டே போய்விடுகிறது. சோளமும் கம்பும் இலைக்குள்ளேயே கரியமில வாயுவைச் செறிவாக்கும் ஏற்பாடு உள்ளவை, ஏறக்குறையப் பாதித் தண்ணீரில் அதே சாப்பாட்டைச் சமைக்கும். வெயில் ஏறினால் இலையைச் சுருட்டிக்கொள்ளும். தேக்கு இலையை உதிர்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். வேம்பு பங்குனி வெயிலில், மழை வருவதற்கு முன்பே, புதுத்தளிர் விட்டு நிற்கும். வேர் எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எனக்கு மிகவும் பிடித்தது கள்ளி வகை செய்கிற காரியம். பகலில் வாசலைத் திறப்பதே இல்லை. இரவில் திறந்து, வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் கதவை மூடிவிட்டுச் சமைக்கும். இதை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். அவர் பார்த்தது வேறொன்றுமில்லை, நாம் சின்ன வயசில் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து விளையாடிய ரணகள்ளி, 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்போமே, அதே செடி. காலையில் இலையை மென்றால் நல்ல புளிப்பு. மத்தியானம் சப்பென்று இருந்தது. சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813-இல் லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். ஆய்வகமே நாக்குதான். நாம் எத்தனை பேர் அந்த இலையைப் பறித்திருப்போம், ஒருவராவது மென்று பார்த்தோமா?

சரி, தென்னைக்கு வருவோம். நண்பர் முறைக்கிறார்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள், எல்லாம் ஒரே பருமனில் கிளம்பும். அவற்றில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்ளும், மேல்மண்ணின் நாலைந்து அடி ஆழத்துக்குள்ளுமே இருக்கும். ஆயிரம் அடி போர் போடுகிறோம், மரத்துக்கு வேண்டிய ஈரமோ மேலே ஐந்தடிக்குள். இன்னொரு விஷயம்: வேம்பு, மா போன்றவை வருஷா வருஷம் தண்டைப் பருக்கவைத்து, புதுக் குழாய்கள் போட்டுக்கொள்ளும். பனைக் குடும்பத்து மரங்களுக்கு அந்த வசதி இல்லை. அறுபது வயசுத் தென்னையின் அடித்தண்டில் இன்று தண்ணீர் கொண்டுபோவது, அது கன்றாக இருந்த காலத்தில் போட்ட அதே குழாய்கள்தான். அறுந்தால் பதில் குழாய் போட வழியில்லை. அதனால் தென்னை சாமர்த்தியமாக, கயிறு அறுகிற நிலை வருவதற்கு வெகுமுன்பே வாசலை மூடிவிடுகிறது. தண்டில் சேர்ந்திருக்கும் நீரை வைத்துக் காலம் தள்ளுகிறது. ஆகவே வெளியே பச்சையாகத் தெரியும். மட்டை தொங்கி, ஓலை பழுத்து நமக்குத் தெரியும்போது, உள்ளே அது பல வாரம் பட்டினி கிடந்திருக்கும்.

பட்டினி கிடக்கிற வீட்டில் முதலில் நிறுத்துவது எதை? விசேஷத்தை. மரம் நிறுத்துவது காய்ப்பை. தென்னையின் குருத்துக்குள்ளே ஒரு பாளையின் கரு உண்டாகி, அது வெளியே வந்து வெடிக்கச் சுமார் 32 மாதம். வெடித்துப் பூவாகி, குரும்பையாகி, தேங்காய் முற்ற இன்னொரு 12 மாதம். ஆக மொத்தம் 44 மாதம், ஏறக்குறைய மூன்றே முக்கால் வருஷம். இதில் பெண் பூக்கள் உருவாகிற கட்டம், பாளை வெடிப்பதற்கு ஆறேழு மாதம் முன்னால். இப்போது நண்பரின் கணக்கைப் போடுங்கள். 2018 ஐப்பசியில் அவர் பறித்திருக்க வேண்டிய காய், 2017 ஐப்பசியில் வெடித்த பாளையில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாளைக்குள் பெண் பூ உருவாகியிருக்க வேண்டிய காலம் 2017 பங்குனி, சித்திரை. அப்போது அவர் தோப்பில் மண் என்ன நிலையில் இருந்தது என்று அவருக்கே தெரியும். அவர் பாய்ச்சிய தண்ணீர் வீணாகவில்லை. ஆனால் அதற்கான காய் 2019, 2020-இல்தான் வரும். அன்று கல்யாண வீட்டில் இதைச் சொன்னபோது, "அதுவரைக்கும் பேங்க்ல வட்டி நிக்குமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் பொறுக்க முடியாமல் அறுபது மரத்தை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார். அதில் எத்தனை மரம் திரும்பக் காய்த்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

வறட்சி என்றால் வானம் பொய்ப்பது மட்டும் இல்லை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது மேலே இருந்து இழுக்கிற கை பலமாகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நிற்கிற பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை அதே அளவு பெய்தாலும் மரத்தின் தாகம் கூடத்தான் செய்யும்.

ஆகையால் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மூன்று சங்கதி மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மட்டை தொங்கிய பிறகு தண்ணீர் விடலாம் என்று காத்திருக்காதீர்கள். கையில் இருக்கிற தண்ணீர் குறைவு என்றால், அதை வறட்சியின் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுநீரில் கொடுங்கள். இரண்டாவது, மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப்பாத்தியில் மண்ணை மூடிவையுங்கள். நூறு உரிமட்டையைக் கூன்பக்கம் மேலே பார்க்க அடுக்கலாம், இல்லையென்றால் காய்ந்த ஓலை பதினைந்து, அதுவும் இல்லையென்றால் நார்க்கழிவு நாலு அங்குல உயரத்துக்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுநாளாகச் சொல்வதுதான். ஆனால் நாம் மட்டையை விற்றுவிட்டு, அந்தக் காசில் லாரித் தண்ணீர் வாங்குகிற ஆட்கள்.

மூன்றாவது உப்பு. தென்னங்கன்று வைக்கும்போது குழியில் உப்புப் போடுகிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. கல்லூரியில் படித்த புதிதில் நாமெல்லாம் அதைக் கேலி செய்திருப்போம். இலைத்துளை திறப்பதும் மூடுவதும் பொட்டாசியம் உள்ளே வெளியே போய்வருவதால் நடக்கிறது. தென்னையில் அதற்குத் துணையாகக் குளோரைடு கட்டாயம் வேண்டும், அது குறைந்தால் வாசல் சரியாக வேலை செய்யாது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டிவிடாதீர்கள், உவர் நிலத்தில் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கிற மூரியேட் ஆஃப் பொட்டாஷில் பொட்டாசியத்தோடு பாதிக்குக் கிட்டக் குளோரைடும் இருக்கிறது. அதைப் போடுகிறவர்கள் தனியாக உப்புத் தேடிப் போக வேண்டியதில்லை.

செயலாளர் தம்பி இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டிவிட்டார். மற்றவற்றைப் பந்தியில் பேசிக்கொள்வோம்.